இரும்பைத் தின்னும் மணல்

கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அங்கே நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். கரைந்த சேற்றைக் குழியின் அடியிலிருந்து மணற்பம்பு மேலே தள்ளும். பாலோங் எனப்படும் சரிவான நீண்ட தொட்டியில் அது ஓடும்போது, கனமான ஈயத்தாது அடியில் தங்கும், மணல் வழிந்துவிடும். பம்பில் ஓட்டை விழுந்தாலோ பாலோங் வறண்டுவிடும், குழியில் நீர் பெருகும், வேலை நின்றுவிடும்.

பம்பைத் துளைப்பது எது? மணலிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கல்தான். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. சாதாரண இரும்பின் கடினமோ 4 அல்லது 5. ஆகவே ஒவ்வொரு மணலும் ஓர் உளிபோல் இரும்பைச் செதுக்குகிறது.

அப்படியானால் கடினமான உலோகத்தைப் போட்டால் போதுமே என்று நாம் நினைக்கலாம். அதற்கு முன் கவனிக்க வேண்டியது வேகம். நீரோட்டத்தின் வேகம் இரட்டித்தால், தேய்மானம் ஏறத்தாழ 6 முதல் 8 மடங்காகிறது. சிறிய பம்பை விரட்டி ஓட்டுவதைவிடப் பெரிய பம்பை நிதானமாக ஓட்டுவது சிக்கனம். ஆனால் வேகம் மிகக் குறைந்தால் மணல் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைக்காத அளவுக்கு வேகம், அதற்கு மேல் வேண்டாம் என்பதே விதி.

அடுத்தது, பொருளுக்கேற்ற உள்ளுறை. நுண்மணலுக்கு ரப்பர் உகந்தது. மோதும் மணலை அது நெகிழ்ந்து திருப்பிவிடும். கூரிய சரளைக்கல் வந்தாலோ ரப்பர் கிழிந்துவிடும். அங்கே குரோமியம் மிகுந்த வார்ப்பிரும்பு வேண்டும். 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த மாங்கனீஸ் எஃகு அடிபட அடிபட இறுகும். கல்லுடைக்கும் யந்திரத்தின் தாடைக்கு அது சிறந்தது. பலத்த அடி விழாமல் மணல் உராயுமிடத்தில் அது இறுகுவதில்லை.

செலவில்லாத வழிகளும் உண்டு. குழாயின் அடிப்பாகமே முதலில் தேயும். குழாயை அவ்வப்போது மூன்றில் ஒரு பங்கு திருப்பிவைத்தால், ஒரே குழாய் மும்முறை பயன்படும். பம்பின் தண்டு உட்புகும் இடத்தில் தூய நீரை அழுத்தத்துடன் செலுத்தினால், மணல் அங்கே நுழையாது. எந்தப் பாகம் எத்தனை மணி நேரம் உழைத்தது என்று குறித்துவந்தால், ஓட்டை விழுமுன்னரே அதை மாற்றிவிடலாம்.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் நிதி வற்றியது. ஈயத்தின் விலை சரிந்தது. மலேசியாவில் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. நல்ல பராமரிப்பு அந்தச் சரிவைத் தடுத்திருக்காது. எனினும் விலை நம் கையில் இல்லாத தொழிலில், செலவு ஓரளவு நம் கையில் இருக்கிறது. மணல் அள்ளும் பம்புக்கும் கருங்கல் உடைக்கும் ஆலைக்கும் இன்றும் இதே பாடம்தான். யந்திரத்தைக் காப்பவர் தம் வேலையையும் காக்கிறார்.