குடல்நோய் மருத்துவமும் தமிழும்

(குத்தம்பாக்கத்தில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில், ஊர்ப் பொதுமக்களும் மருத்துவ மாணவர் சிலரும் கூடியிருந்த அவையில், தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



தமிழாசிரியனுக்குக் குடலைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது முறையே. நான் மருத்துவம் கற்றவனல்லேன். முப்பதாண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்து வருபவன். ஆயினும் ஈராண்டுகட்கு முன் என் தமக்கையாரின் வயிறு எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமக்கையாருக்கு அப்போது அகவை 64. முழங்கால் வலிக்கெனக் கடையில் வலிநீக்கி மாத்திரை வாங்கி, நாளொன்றுக்கு இரண்டாக மூன்று திங்கள் விழுங்கியிருக்கிறார். பிறகு கிறுகிறுப்பு வந்தது. நாலடி நடந்தால் மூச்சிரைத்தது. ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அதன் பெயர் இங்கு வேண்டா. அங்கிருந்த இளம் மருத்துவர் நல்லவர், தமிழ்ப்பிள்ளை. "மோசன் பிரீயாப் போகுதா? அப்டமன்ல பெயின் இருக்கா?" என்று கேட்டார். தமக்கையார் என்னைப் பார்த்தார். தம்பியின் முன்னிலையில் அதைப்பற்றிப் பேச அவருக்கு நாணம். "போவுதுப்பா, வலியெல்லாம் இல்ல" என்றார். சத்து மாத்திரை எழுதித் தரப்பட்டது. எட்டாம் நாள் அடுக்களையில் மயங்கி வீழ்ந்தார்.

வேறொரு மருத்துவமனையில் அகவை முதிர்ந்த செவிலித்தாய் ஒருவர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டாராம்: "ஏம்மா, வெளிக்குப் போறது தார் மாதிரி கறுப்பா, ஒட்டிக்கிட்டு, கெட்ட நாத்தமா இருக்குதா?" தமக்கையார் உடனே சொல்லியிருக்கிறார்: "ஆமாம்மா, இருபது நாளா அப்படித்தான். கீரை தின்னதாலன்னு நெனச்சேன்." அந்த ஒரு கேள்விக்குப் பின்னரே எல்லாம் விரைந்து நடந்தன. உள்நோக்கிக் குழாயை விட்டுப் பார்த்தபோது இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண். அதிலிருந்து குருதிக் கசிவு. மூன்று பை குருதி ஏற்றினர். பிழைத்துக்கொண்டார்.

முதலில் பார்த்த இளைஞருக்கு இந்நோய் தெரியாதா? நன்றாகத் தெரியும். தேர்வில் அதற்குப் பத்து மதிப்பெண் வாங்கியிருப்பார். அவர் படித்த பெயர் கிரேக்க வழி வந்தது. கருமை என்பதே அதன் பொருள். 'கறுப்பாகப் போகிறதா' என்னும் மூன்றாம் வகுப்புத் தமிழ், படித்த அறிவுக்கும் எதிரே அமர்ந்திருந்த நோயாளிக்கும் இடையே பாலமாக வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இரைப்பையில் கசியும் குருதி ஏன் கறுக்கிறது? இரைப்பை தானே ஒரு கடுங்காடியைச் சுரக்கிறது. அக்காடியும் குடலிலுள்ள நுண்ணுயிரிகளும் குருதியின் செந்நிறப் பொருளைச் சிதைக்கும்போது அது தார் நிறமாகிறது. 50 முதல் 100 மி.லி. குருதி, அதாவது ஒரு சிறு தேநீர்க் குவளையளவு கசிந்தாலே போதும். இரும்புச்சத்து மாத்திரை தின்றாலும் கறுக்கும். ஆனால் அந்த ஒட்டும் தன்மையும் நாற்றமும் இரா. பெருங்குடலின் கடைப்பகுதியில் கசிந்தால் செந்நிறமாகவே வெளிப்படும். ஆக, நிறத்தையும் தன்மையையும் சொல்லக் கேட்டே புண் மேலேயா கீழேயா என்று ஓரளவு உய்த்துணரலாம்.

இன்னொரு வினா. எலும்பையும் கரைக்கவல்ல காடியை வைத்துக்கொண்டு இரைப்பை தன்னைத்தானே ஏன் செரித்துக்கொள்வதில்லை? அதன் உட்சுவரின்மேல் ஒரு கோழைப்படலம் இருக்கிறது. அப்படலத்தையும் சுவரின் குருதியோட்டத்தையும் காத்து நிற்பது புரோசுட்டகிளாண்டின் என்னும் பொருள். வலிநீக்கி மாத்திரைகளுட் பல, வலியை உண்டாக்கும் இப்பொருளைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன. இதனை 1971-இல் சான் வேன் என்னும் ஆங்கில அறிஞர் கண்டுரைத்தார். 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். முழங்காலில் தடுக்கப்படுவது இரைப்பையிலும் தடுக்கப்படும் அன்றோ! காவலாளியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தாற்போல. முதியோர்க்கு இப்புண் பெரும்பாலும் வலியே இல்லாமல் வரும். 'வலியில்லை' என்று தமக்கையார் சொன்னது பொய்யன்று.

எல்லா இரைப்பைப் புண்ணும் மாத்திரையால் வருவதன்று. சுருள்வடிவக் குச்சுயிரி ஒன்று அக்காடியிலும் உயிர்வாழ்ந்து புண்ணை உண்டாக்குகிறது என்று ஆத்திரேலிய மருத்துவர்கள் வாரனும் மார்சலும் 1980-களில் நிறுவினர். ஞாலம் நம்ப மறுத்தபோது, 1984-இல் மார்சல் அக்குச்சுயிரி கலந்த நீரைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சி கண்டு மெய்ப்பித்தார். 2005-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். 'காரம் தின்றதால் புண்' என்று நம் வீடுகளில் மிளகாயை மட்டும் குற்றஞ்சாட்டுவதை இனிமேலேனும் விடலாம்.

இனி என் துறைக்கு வருகிறேன்.

மருத்துவ நூல்கள், வாந்தியையும் அதனைப் போன்ற பிறவற்றையும் பிரித்தறிய வேண்டும் என்று மாணவர்க்கு வலியுறுத்துகின்றன. எடுக்க வேண்டும்போன்ற உணர்வு மட்டும் இருப்பது ஒன்று. வயிறு இழுத்து முயன்றும் ஒன்றும் வாராதது மற்றொன்று. முயற்சியோடு வெளிவருவது மூன்றாவது. முயற்சியே இன்றி உண்டது தொண்டைக்கு மீள்வது நான்காவது. இந்நான்கிற்கும் நான்கு ஆங்கிலச் சொற்களை நீங்கள் உருப்போடுகிறீர்கள். இதோ பின்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் பாட்டியைக் கேளுங்கள். குமட்டல், ஓங்கரிப்பு, வாயாலெடுத்தல், எதுக்களிப்பு என்று நான்கையும் பிசகாமல் சொல்வார். எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. வெளிக்குச் சென்று வந்தும் மீண்டும் மீண்டும் வருவதுபோல் முக்கவைக்கும் துன்பத்திற்கு நீங்கள் நாக்குச் சுழலும் ஒரு பெயரைப் படிக்கிறீர்கள். அவர் 'கடுப்பு' என்பார். பொருமல் வேறு, புளியேப்பம் வேறு, உளைச்சல் வேறு, கழிச்சல் வேறு. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறு, செரிப்பையும் உண்ணும் அளவையுமே பேசுகின்றன. முன்னுண்டது இரைப்பையை விட்டு நீங்குவதை 'அறுதல்' என்னும் ஒரே சொல்லால் வள்ளுவர் குறித்தார். அதனையே இன்று நிழற்படக் கருவி வைத்து மணிக்கணக்கில் அளக்கிறார்கள்.

இத்துணை நுண்சொற்களும் இன்று எங்கே போயின? 'கேசு' என்னும் ஒரு சொல் அவற்றை விழுங்கிவிட்டது! ஏப்பம் வந்தாலும் கேசு, வயிறு பொருமினாலும் கேசு, நெஞ்செரிந்தாலும் கேசு. இது மொழித் தூய்மை பற்றிய கவலை மட்டுமென்று எண்ணாதீர்கள். நெஞ்சாங்குலையின் அடிப்பகுதிக்குக் குருதி செல்லும் குழாய் அடைபட்டால், வலி மேல்வயிற்றிலேயே தோன்றக்கூடும். குமட்டலும் வியர்வையும் உடன்வரும். அம்மாந்தர் 'கேசு' என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். மருத்துவரும் 'கேசு' என்ற சொல்லைக் கேட்டு மயங்கினால் அவர் விடியலைக் காணமாட்டார். 'கேசு என்றால் என்ன? எரிகிறதா, அழுத்துகிறதா, பொருமுகிறதா? நடந்தால் மிகுகிறதா?' என்று அச்சொல்லைப் பிரித்துக் கேட்கும் மருத்துவரே உயிர்காப்பார். மொழி சுருங்கிய இடத்தில் நோயறியும் கண்ணும் சுருங்குகிறது.

குழந்தைகளின் கழிச்சலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தாய்மார்கள் மிகுதியாக வந்திருக்கிறீர்கள். உப்பும் சருக்கரையும் கலந்த நீர் கொடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஏன் இரண்டும் சேரவேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. சிறுகுடற் சுவரில் ஒரு வாயில் இருக்கிறது. உப்பிலுள்ள சோடியமும் சருக்கரையிலுள்ள குளுக்கோசும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும். திறந்தால் நீரும் பின்தொடர்ந்து உட்செல்லும். கழிச்சலின்போதும் இவ்வாயில் பெரும்பாலும் கெடுவதில்லை. 1971-இல் வங்கப் போரின்போது எல்லையோரத்துப் பனகாவ் ஏதிலியர் முகாமில் வாந்திபேதி பரவியது. ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலனோபிசு இக்கலவையைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நான்கிற்கும் கீழே இறங்கியது. கருத்தாய்க் கேளுங்கள்: ஒரு பொதியை அதன்மேல் எழுதியுள்ள அளவு நீரில் முழுவதும் கரைக்க வேண்டும். 'பாதிப் பொதி, ஒரு குவளை நீர்' என்று கைம்மதிப்பாகக் கலக்கும் வழக்கம் கேடு. உப்பு மிஞ்சினால் குழந்தைக்கு இடர். கரணியத்தைத் தாய்மொழியில் அறிந்த தாய் அளவு தவறமாட்டாள்.

இவற்றையெல்லாம் தமிழிற் சொல்லலாம். கல்லூரியில் தமிழிற் கற்பிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும் என்பதற்கு நூற்றைம்பது ஆண்டுப் பழஞ்சான்று இருக்கிறது. அதனை ஈழத்தில் நிலைநாட்டியவர் ஓர் அமெரிக்கர்.

சாமுவேல் பிசுக்கு கிறீன், மசாச்சுசெட்சு மாநிலத்து வூசுட்டரில் 1822-இல் பிறந்தவர். கிறித்தவத் தொண்டராய் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் செய்தார். முதலில் ஆங்கிலத்திலேயே மாணவர்க்குக் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் அரசு வேலையை நாடி வெளியூர் போயினர். சிற்றூர் மக்களோடு தங்கியவர் சிலரே. 1864 முதல் தமிழிலேயே வகுப்பு நடத்தினார். நூலில்லையே என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. உடற்கூறு, உடலியங்கியல், அறுவை, மகப்பேறு, வேதியியல், பொது மருத்துவம் ஆகியவற்றிற்குத் தம் மாணவரோடு அமர்ந்து தமிழ் நூல் ஆக்கினார். 'இரணவைத்தியம்' 1867-இலும், 'வைத்தியாகரம்' 1872-இலும் வெளிவந்தன. அவரிடம் பயின்ற மருத்துவர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிற் பயின்றோர். 1884-இல் தம் ஊரில் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டராய் இருந்தவர் என்றே அவர் கல்லறை கூறுகிறது.

அவர்பால் நன்றியுடையேன்; ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமற் போனால் நான் தமிழாசிரியனல்லேன். உடற்கூற்றை 'அங்காதிபாதம்' என்றார். உடலியங்கியலைச் 'சுகரணவாதம்' என்றார். மானிப்பாய்ப் பாட்டிக்கு ஆங்கிலம் எவ்வளவு விளங்குமோ அவ்வளவே இவையும் விளங்கியிருக்கும்! அக்காலப் புலமை வடமொழியைச் சார்ந்திருந்தது. தவறு அவருடையது மட்டுமன்று. அண்மையிலும் இதனை ஒத்த ஒன்று நடந்தது. 2022 அத்தோபரில் மத்தியப்பிரதேசத்தில் இந்தியில் மருத்துவ நூல்கள் வெளியிடப்பட்டன. ஆங்கிலக் கலைச்சொற்களே அவற்றில் நாகரி எழுத்தில் பெரிதும் நிறைந்திருந்தன. எழுத்தை மாற்றுவது மொழியை மாற்றுவதன்று.

ஆங்கிலத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வெளிவரும் ஆய்வுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, படித்தே தீரவேண்டும். கணையம், மண்ணீரல், முன்சிறுகுடல் என்னும் சொற்களும் அவற்றோடு உங்கள் நாவில் ஏறட்டும். 2019-இல் வந்த பாடத்திட்டம் முதலாண்டு மாணவர்க்கு வட்டார மொழிப் பயிற்சியும் வேண்டும் என்றது. 'நமக்குத்தான் தமிழ் தெரியுமே' என்று அவ்வகுப்பில் உறங்காதீர்கள். என் தமக்கையாரை முதலில் பார்த்தவருக்கும் தமிழ் தெரியும்.

ஒரு வேண்டுகோள். வாயிலருகே மேசையில் நாற்பது பக்கக் குறிப்பேடுகள் வைத்திருக்கிறேன். மாணவர் ஒவ்வொருவரும் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். அடுத்த திங்கட் கூட்டம்வரை, வயிற்று நோயோடு வருவோர் தம் வாயாற் சொல்லும் சொல்லை, ஊரும் அகவையும் மட்டும் குறித்து, பெயர் எழுதாமல், சொன்னபடியே எழுதுங்கள். எதிரே நீங்கள் கண்டறிந்த நோயை எழுதுங்கள். திருத்தி எழுதவேண்டா, அது என் வேலை. முதல் ஏட்டின் முதற் பக்கத்தில் 'தார் மாதிரி கறுப்பா' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.