ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த தொலைக்காட்சி

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்களுக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். எனக்குப் பைத்தியம் இரண்டு. ஒன்று தொலைக்காட்சி. இன்னொன்று, பல நாட்டு அரசமைப்புச் சட்டங்களை அருகருகே வைத்துப் படிப்பது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு முதலில் வந்தது பஞ்சாயத்துத் தொலைக்காட்சி. அது இருந்த அறை ஊர்த்தெருவில். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' போட்டால் ஊர்ப் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். சேரியிலிருந்து போன நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்போம். உள்ளே வராதே என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. மழை வந்தால் பாட்டு பாதியில் போய்விடும்.

2014இல் ராஜ்யசபா தொலைக்காட்சியில் ஷியாம் பெனகலின் 'சம்விதான்' தொடர் வந்தது. பத்தே பகுதிகள். அண்ணல் அம்பேத்கராக நடித்தவர் சச்சின் கடேகர். பார்த்து முடித்த கையோடு சட்டப் புத்தகத்தை வாங்கினேன். 15(2) பிரிவில் கண் நின்றுவிட்டது. கடை, உணவகம், பொதுப் பொழுதுபோக்கு இடம், கிணறு, குளம், படித்துறை, சாலை, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடம், இவை எதிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அந்தத் தொலைக்காட்சி அறை இதற்குள் வருகிறதே! நான் ஜன்னலில் தொங்கிய நாளில் இந்தச் சட்டத்துக்கு வயது நாற்பது.

பிறகு மற்ற நாடுகளைத் தேடினேன். அமெரிக்காவில் விடுதி, நாடக அரங்கு எல்லாம் கறுப்பின மக்களுக்கும் பொது என்று 1875இல் சட்டம் போட்டார்கள். 1883இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 14ஆவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல என்றது. அடுத்த சட்டத்துக்கு 1964 வரை, 81 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் சட்டம் கடைக்காரரையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. நேபாளத்தின் 2015 அரசமைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், தீண்டாமை தனியிடத்திலும் கூடாது, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு என்கிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "சட்டத்துல இவ்வளவு இருக்குன்னா, அன்னிக்கு ஏன்டா ஒருத்தரும் உங்களை உள்ள கூப்பிடல?"

இதற்குப் பதில் மகாத்தில் இருக்கிறது. பொதுக் குளங்கள் எல்லோருக்கும் பொது என்று பம்பாய் சட்ட மேலவை 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. யாரும் கூப்பிடவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதற்காக அடியும் வாங்கினார்கள் நம் மக்கள். சட்டம் கதவைத்தான் திறக்கும் தோழர்களே, நாம்தான் உள்ளே நடக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது, சாதியை ஒழிக்கவில்லை. இதைக் கேட்டுத்தான் 1957 நவம்பர் 26 அன்று தந்தை பெரியார் சட்ட எரிப்புப் போராட்டம் நடத்தினார். ஆயிரக்கணக்கான தோழர்கள் சிறை சென்றார்கள். அரசமைப்பை நேசிக்கிறேன் என்பதால் இந்தக் கேள்வியை நான் தள்ளிவைக்க முடியாது. நேசிப்பவன்தான் கேட்க வேண்டும்.

இப்போது வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி இருக்கிறது. அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. ஆனால் உங்கள் ஊரில் கோயிலுக்கு, சலூனுக்கு, சுடுகாட்டுக்கு வெளியே இன்றும் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு 15(2)ஐ ஒருமுறை படியுங்கள். பிறகு அவர்களோடு சேர்ந்து உள்ளே போங்கள்.