ஒரே மாதிரி ரெண்டு ஃபங்ஷன்: ஒண்ணாக்கலாமா?

காடாம்புலியூர்ல இருந்து பேசுறேன். நடுவுல ஹாரன் கேட்டா அது பண்ருட்டி பஸ், கண்டுக்காதீங்க.

நம்ம கேள்விப் பெட்டியில ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, ஒரே ஒரு குட்டி ஹெல்பர் ஃபங்ஷன்தான் எழுதினேன். பைனரியில நாற்பது காப்பி கிடக்கு. கம்பைலர் தூங்குதா?"

தூங்கல. சி++ல ஹெட்டருக்குள்ள 'ஸ்டாட்டிக்'னு போட்டு எழுதினா, அதைப் பயன்படுத்துற ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலுக்கும் தனிக் காப்பி வரும். கம்பைலர் ஒரு நேரத்துல ஒரு ஃபைலைத்தான் பார்க்கும். பக்கத்து ஃபைல்ல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. 'ஸ்டாட்டிக்'கை எடுத்துட்டு 'இன்லைன்' போடுங்க. லிங்கர் ஒண்ணை மட்டும் வச்சுக்கும். இது சுலபம்.

டெம்ப்ளேட்தான் தலைவலி. பேர் வேற, டைப் வேற, ஆனா மெஷின் கோடு அச்சு அசல் ஒண்ணு. இதுக்காக கோல்ட் லிங்கர்ல 'ஐடென்டிகல் கோட் ஃபோல்டிங்' வந்தது. ஸ்ரீராமன் தல்லமும் கூகுள் சகாக்களும் 2010 ஜிசிசி மாநாட்டுல கொடுத்த கட்டுரைப்படி, சராசரி 64 எம்பி கோடு இருந்த பைனரிகள்ல சுமார் 6 சதவீதம் குறைஞ்சது.

அப்போ எல்லாத்தையும் சேர்த்துடலாமே? அங்கதான் வில்லங்கம். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைப் பாருங்க. வரிசையா ஒரே பிளான், ஒரே ஜன்னல். ஆனா போஸ்ட்மேன் பார்க்குறது கதவு நம்பரை. ஃபங்ஷனோட அட்ரஸும் அப்படித்தான். 'பணம் வந்தது', 'பணம் வரலை'ன்னு ரெண்டு ஹேண்ட்லர் வச்சிருக்கீங்க. ரெண்டும் இப்போதைக்குக் காலி. லிங்கர் ஒண்ணாக்கிடும். உங்க கோடு அட்ரஸை ஒப்பிட்டு முடிவெடுத்தா, வராத பணமும் வந்த கணக்குல போயிடும்! எர்ரர் எதுவும் வராது, அதுதான் பயம்.

அதனால 'சேஃப்' மோடு. அட்ரஸை யாரும் ஒப்பிட வாய்ப்பில்லைன்னு உறுதியான ஃபங்ஷனை மட்டும் சேர்க்கும். மிச்சமாகுற இடமும் கிட்டத்தட்ட அதே அளவுன்னு அதே கட்டுரை சொல்லுது. 'ஆல்' மோடுக்கு நான் ஓட்டு போடமாட்டேன்.

விண்டோஸ் பக்கம் இருக்குறவங்க கவனிங்க: மைக்ரோசாஃப்ட் லிங்கர் ரிலீஸ் பில்டுல இதைத் தானாவே செய்யும். ஸ்டாக் டிரேஸ்ல நீங்க கூப்பிடவே கூப்பிடாத ஃபங்ஷன் பேர் நின்னா, மெமரி கரப்ஷன்னு ராத்திரி முழுக்க உட்காராதீங்க. முதல்ல ஃபோல்டிங்கை ஆஃப் பண்ணி ஒரு பில்டு போட்டுப் பாருங்க.