கொப்ளின் கேட்ட நீதி



கொப்ளின் என்பது மேனாட்டுக் கதைகளில் வரும் குறும்பூதம். நம்மவர் குட்டிச்சாத்தான் என்பரே, அதற்குத் தூரத்து உறவு என்று கொள்ளலாம். வீரக்கதைகளிலே வாளுக்கு இரையாவதன்றி அதற்கு வேறு அலுவல் இல்லை.

ஆங்கில நகைச்சுவை ஆசிரியர் ரெறி பிராச்செற் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்னஃப்’ என்னும் நாவல் இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கியது. ஸ்ரீபன் பிரிக்ஸ் என்பார் அதனை ஒலிநூலாக வாசித்திருக்கிறார். காவலதிகாரி ஒருவர், மனைவியின் வற்புறுத்தலால், நாட்டுப்புறத்துக்கு ஓய்வெடுக்கப் போகிறார். போன இடத்திலே கொப்ளின் பெண்ணொருத்தி கொலையுண்கிறாள். கொப்ளினைக் கொல்வது அங்கே குற்றமன்று. சட்டத்தின் கண்ணில் அவை எலியொத்த பீடைகள். காதுக்குறும்பியையும் வெட்டிய நகத்தையும் அழகிய சிமிழ்களில் இட்டுப் பேணும் இனத்துக்காக யார்தாம் வழக்காடுவர்?

அவ்வினத்தான் ஒருவன் அதிகாரியிடம் நீதி கேட்கிறான். ‘ஜஸ்ரிஸ்’ என்ற ஆங்கிலச் சொல் அவன் வாயில் ‘ஜஸ்ற் ஐஸ்’ என்று இரண்டாய் முறிகிறது. வெறும் பனிக்கட்டி என்று பொருள்! அச்சிலே அந்த இடைவெளியைக் கண் உடனே கண்டுவிடும். கேட்பவருக்கோ வாசிப்பவர் விடும் இமைப்பொழுது மௌனமே சான்று. இந்த நகை செவிக்கென்றே பிறந்தது என்பது என் எண்ணம். முதலிற் சிரிக்கிறோம். கொப்ளின்களைப் பிடித்துக் கடல்கடந்த புகையிலைத் தோட்டங்களுக்கு அடிமைகளாய்க் கப்பலேற்றிய செய்தி வெளிவந்தபின், அதே இரு சொற்களும் காதில் வேறு விதமாய் ஒலிக்கின்றன.

கதை முடிவில் கொப்ளின் பெண்ணொருத்தி இசையரங்கிலே யாழ் வாசிக்கிறாள். அதனைக் கேட்ட பின்னரே, கொப்ளினும் ஆள்தான் என்று பெரியோர் சட்டம் வகுக்கிறார்கள். அந்த யாழிசையையும் பிரிக்ஸ் தம் ஒற்றைக் குரலாலேயே நமக்கு உணர்த்துகிறார்.