நாளைச் சாயரட்சைக்கு யார்?

(திருப்பணி நிறைவையொட்டி ஆலய வசந்த மண்டபத்தில் கூடிய அடியார் கூட்டத்தில், இவ்வாலயத்தில் முன்னாளில் தவில் பணி புரிந்தவர் ஆற்றிய உரை)



அடியேன் பேச்சாளன் அல்லேன். ஐம்பது ஆண்டுகளாக என் கை பேசிற்று; வாய் வாளா இருந்தது. ஆயினும், குடமுழுக்கு மலருக்கு ஏதேனும் சொல்லியாக வேண்டும் என்று திருப்பணிக் குழுவினர் பணித்தபோது மறுக்க மனம் வரவில்லை. இவ்வாலயத்திற்கு அடியேன் பட்ட கடன் ஒன்று உண்டு. அதனை ஊரறியச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உள்ளத்தை அரித்துக்கொண்டிருந்தது. அதற்கு இதனினும் தக்க இடம் வேறு ஏது?

கோயில் மேளம் என்பது யாது? ஆடவல்லான் திருமுன்பு ஒரு நாள் முழுவதையும் ஒலியால் நடத்திச் செல்லும் பணி அது. சுவாமி புறப்பாடு என்றால் கம்பீர நாட்டையில் மல்லாரி எழ வேண்டும். திருமஞ்சனத்திற்குத் தீர்த்தம் வரும்போது அதற்கு ஒரு மல்லாரி. மடைப்பள்ளியினின்று தளிகை வரும்போது அதற்கு ஒரு மல்லாரி. தேர் அசையும்போது அதற்கு ஒன்று. காலையில் பூபாளம், இரவில் பள்ளியறை நடை சாத்துங்கால் நீலாம்பரி. கண்ணை மூடிக்கொண்டு வெளி வீதியில் நிற்பவனும், உள்ளே இப்பொழுது என்ன நடைபெறுகின்றது என்று காதாலேயே அறிந்துகொள்வான்.

பெரிய கோயில்களில் இதற்கென நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, ஒத்து, தாளம் என்று முழு மேளம் உண்டு. நம் போன்ற சிறிய கோயிலிலோ ஒரு நாகசுரம், ஒரு தவில், அவ்வளவே. மார்கழி விடியலில் குருக்களும், மேளக்காரர் இருவரும், விளக்குக்கு எண்ணெய் விட வரும் பாட்டியும் ஆக நால்வர் மட்டுமே இருப்பதும் உண்டு. கேட்பார் இல்லையே என்று கருத இடமில்லை. கேட்பவன் கருவறைக்குள் இருக்கின்றான். ஆனால், அன்பர்களே, இருபது வயது இளைஞனுக்கு அந்த ஒரு செவி போதுவதில்லை. இதனை ஒளியாமல் சொல்லிவிடுவதே நேர்மை.

பத்தாம் வயதில், பூவரசங் கழியை இடக்கையில் பிடித்து மரக்கட்டையின் மேல் அடித்துப் பழகியவன் நான். வலக்கை விரல்களுக்குக் கூடு மாட்டி, பலா மரத்துத் தவிலைத் தோளில் ஏற்றியபோது எனக்கு வயது பதினாறு. அன்று முதல் ஆறு ஆண்டுகள் இவ்வாலயத்தின் ஒரே தவில் நானே. நாகசுரம் வாசித்த பெரியவரை உங்களுள் மூத்தோர் அறிவர். புகழை நாடாதவர், தாளத்தில் அணுவளவும் பிசகாதவர்.

1974ஆம் ஆண்டு ஆனித் திருமஞ்சனம் முடிந்த வாரத்தில் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. பெயர் பெற்ற நாகசுர வித்துவான் ஒருவரின் மேளத்தில் இரண்டாம் தவிலாக வந்து சேருமாறு ஆள் அனுப்பியிருந்தார்கள். அந்த அழைப்பின் பொருளை இசை அறியாதார் உணர்தல் அரிது. தனியே வாசிப்பவன் தன்னைத் தானே அளந்துகொள்கின்றான். அந்த அளவுகோல் எப்பொழுதும் அவனுக்குச் சாதகமாகவே காட்டும். தன்னினும் வல்லவன் பக்கத்தில் நின்று கண்டமும் மிசிரமும் சங்கீர்ணமுமாக நடைகளை அள்ளி வீசும்போதுதான், தான் கற்றது கைம்மண் அளவு என்பது விளங்கும். தனி ஆவர்த்தனத்தில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து, கோர்வையைக் கொண்டு வந்து நிறுத்தும் அந்தக் கல்வி, ஒற்றைத் தவில் உள்ள கோயிலில் எவ்வளவு காலம் இருந்தாலும் கிட்டாது. ஆகவே, போக விரும்பியது பிழை என்று அன்றும் நான் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை.

புறப்படுவதற்கு முன்னாள் இரவு, அர்த்தசாமம் முடிந்தபின் பெரியவரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் வெகுண்டாரில்லை. நெற்றியில் திருநீறு இட்டு, "நன்றாக இரு, தம்பி" என்றார். நாகசுரத்தைத் துணி உறையில் இட்டுக் கட்டிக்கொண்டே ஒரே ஒரு வினாவைக் கேட்டார்: "நாளைச் சாயரட்சைக்கு யார்?"

"யாராவது வருவார்கள்" என்றேன்.

அன்பர்களே, என் வாழ்நாளில் நான் இழைத்த பெரும்பிழை அந்த ஒரு சொல். போனது பிழை அன்று. "யாராவது" என்று சொல்லிவிட்டுப் போனதே பிழை. ஏனெனில், யாரும் வரவில்லை.

பெரிய மேளத்தில் நான் பெற்றவை பல. எத்தனையோ ஊர்த் திருவிழாக்கள், எத்தனையோ மேடைகள். 1996ஆம் ஆண்டு என் அன்னையார் இறைவனடி சேர்ந்தபோது ஊருக்கு வந்தவன், காரியங்கள் முடிந்த பின் ஒரு மாலையில் இவ்வாலயத்திற்கு வந்தேன். சாயரட்சை நேரம். திரை விலகும் முன்பே மேளமும் மணியும் சேகண்டியும் ஒருங்கே முழங்கின. ஆவலோடு திரும்பிப் பார்த்தேன். தூண் ஓரத்தில் ஓர் இரும்புச் சட்டம். அதில் ஒரு பறை, ஒரு மணி, ஒரு சேகண்டி. மின்விசையால் தாமே அசையும் கோல்கள். நான் நின்று வாசித்த இடம் அதுவே.

பெரியவர் மண்டபத்துப் படியில் அமர்ந்திருந்தார். தவில் இல்லாமல் நாகசுரம் எத்தனை நாள் தனித்து ஒலிக்கும்? அவருடைய நாகசுரமும் உறையினுள் அடங்கிவிட்டது. என்னைக் கண்டு நலம் உசாவினார். பொறியைப் பார்த்து நான் தலை குனிந்தபோது அவரே ஆறுதல் சொல்லுவார் போலச் சொன்னார்: "நேரம் தவறுவதில்லை, தம்பி. கூலி கேட்பதும் இல்லை. ஆனால் அது குருக்களின் கையைப் பார்ப்பதில்லை."

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். குருக்கள் அடுக்கு தீபத்தை எடுக்கும்போது ஒரு நடை. தீபம் திருமுடிவரை உயரும்போது கோலும் விரலும் உடன் விரையும். கற்பூரம் ஏற்றிய கணத்தில் மேளம் உச்சம் எய்தி, ஆரத்தி தாழும்போது தானும் தாழ்ந்து அடங்கும். தவில்காரனின் கண் எப்பொழுதும் அந்தக் கையின் மேலேயே இருக்கும். பொறிக்குக் கண் இல்லை. திரை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் அதற்கு ஒரே அடி. வழிபடுவோர் கூட்டத்திலிருந்து ஓர் ஆள் குறைந்துபோனான். அந்த ஆள் நான்.

அப்படியாயின், சிறிய கோயிலில் பிறந்த கலைஞன் அங்கேயே கட்டுண்டு கிடக்க வேண்டுமா? இந்த வினாவுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டே விடை தருகின்றது. மாமன்னன் இராசராசன் தான் எடுத்த அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய நாற்பத்தெட்டுப் பிடாரர்களையும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும், ஆக ஐம்பது பேரை நியமித்தான். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல். நாற்பத்தெட்டு வாய்களுக்கு எவ்வளவோ அவ்வளவே அந்த இரு கைகளுக்கும் என்பதை உங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகின்றேன். தோலைத் தட்டுபவன் தாழ்ந்தவன் என்று அம்மன்னன் கருதவில்லை.

அதனினும் சிறந்தது அவன் வகுத்த மற்றொரு விதி. பணியாளர் ஒருவர் இறந்துபட்டாலோ, வேற்றிடம் சென்றுவிட்டாலோ, அவருக்கு அடுத்த முறையினர் அந்நெல்லைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும். அம்முறையினர் தாம் தகுதி பெறாதவராயின் தகுதி உடைய ஒருவரைத் தேர்ந்து பணி செய்விக்க வேண்டும். இது கல்லில் வெட்டப்பெற்ற ஆணை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அப்பேரரசன், கலைஞன் ஒருநாள் போகக்கூடும் என்பதை அறிந்திருந்தான். அதற்கெனத் தண்டனை விதித்தானா? இல்லை. அவன் அஞ்சியது ஒன்றற்கே: இடம் வெறுமையாகக் கிடத்தல் ஆகாது. ஆள் மாறலாம், பணி நிற்றல் ஆகாது. அந்தப் பணிக்குரிய நெல்லும் நிற்றல் ஆகாது. இவ்விரண்டையும் ஒரே கல்லில் வெட்டுவித்தான் பாருங்கள், அதுவே அவன் பெருமை.

எங்கள் மரபிலும் இதற்கு ஓர் அடையாளம் உண்டு. தவில் உலகின் பெருமக்களை எண்ணுங்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894-1949) என்றால் நீடாமங்கலம் முன்னே நிற்கின்றது. சண்முகசுந்தரம் பிள்ளைக்கு முன்னே வலங்கைமான். தட்சிணாமூர்த்திக்கு (1933-1975) முன்னே யாழ்ப்பாணம். எத்துணை உயர்ந்தாலும் ஊரைத் தன் பெயருக்கு முன்னே நடக்கவிட்டுப் பின்னே செல்வதுதான் எங்கள் வழக்கம். நானும் இவ்வூர்ப் பெயரைச் சுமந்தே மேடைகளில் வாசித்தேன். பெயரை எடுத்துச் சென்றவன், ஊருக்கு எதை விட்டுச் சென்றேன் என்பதுதான் என்னைச் சுட்ட வினா.

இனி, இவ்வாலயத்தின் இன்றைய நிலைக்கு வருகின்றேன். பெரியவர் மறைந்துவிட்டார். அவருடைய பேரன், மாவட்ட அரசு இசைப்பள்ளியில் முறையாகத் தவில் பயின்று, சில ஆண்டுகளாக இங்கே வாசித்து வருகின்றார். அவர் வந்த நாள் முதல் அந்தப் பொறிக்குத் துணி போர்த்தப்பட்டிருக்கின்றது. இப்பொழுது அவருக்கும் ஓர் அழைப்பு வந்துள்ளது. 1974இல் எனக்கு வந்ததைப் போன்றதே. "கோயிற் பணியை விட்டுப் போகலாமா?" என்று ஊரார் சிலர் அவரிடம் கேட்டதாக அறிந்தேன்.

அக்கேள்வியைக் கேட்டவர்களிடம் பணிவோடு ஒன்று கேட்கின்றேன். அவர் உண்டாரா என்று யாராவது கேட்டோமா? இராசகோபுரத்திற்கு வண்ணம் தந்தோர் பெயர் கல்லில் உள்ளது. தரைக்குக் கருங்கல் தந்தோர் பெயர் உள்ளது. மின்விளக்குக்கும் பெயர் உள்ளது. எல்லாம் நற்பணியே, ஐயமில்லை. ஆனால் மேளத்திற்கு என்று ஒரு பெயர் கல்லில் உண்டா? "யாராவது வருவார்கள்" என்று நான் சொன்னேன். "யாராவது கொடுப்பார்கள்" என்று ஊர் சொல்லிற்று. இரண்டும் ஒரே சொல். இரண்டும் ஒரே பிழை. விசுவாசம் என்பது வாசிப்பவனிடம் மட்டும் கேட்டுப் பெறும் பொருளாக இருத்தல் முறையன்று.

இளைய தவில்காரருக்குச் சொல்லுகின்றேன். தம்பி, தயங்காமல் போ. உன் கை வளர வேண்டிய கை. கடமை என்ற பெயரால் உன்னை இங்கே நிறுத்தி, ஏக்கத்தோடு நீ அடிக்கும் அடியை இறைவன் விரும்பமாட்டான். ஆனால், போகுமிடம் உனக்குக் கற்பிக்குமா, கூலி மட்டும் கொடுக்குமா என்று ஆராய்ந்து போ. ஆண்டுத் திருவிழா நாட்களை இப்பொழுதே சொல்லி விடுப்பு வாங்கிக்கொண்டு போ. எல்லாவற்றிற்கும் மேலாக, உன் பாட்டனார் என்னைக் கேட்ட வினாவுக்கு ஓர் ஆளின் பெயரை விடையாகச் சொல்லிவிட்டுப் போ. நான் சொன்ன விடையை நீ சொல்லாதே.

ஊர்ப் பெருமக்களே! குடமுழுக்கு நாளில் வெளியூரிலிருந்து பெரிய மேளம் வரும், வானதிர முழங்கும். அதன்பின் மண்டல பூசை நாற்பத்தெட்டு நாளும் மேளம் உண்டு. அதற்கு உபயகாரர்கள் முன்வந்துள்ளனர். நாற்பத்தொன்பதாம் நாள்? அந்த நாளுக்கான உபயகாரரை நான் தேடுகின்றேன். வைப்புநிதி ஒன்று ஏற்படுத்துங்கள். முதல் தொடப்படாமல், அதன் வட்டியில் ஒரு நாகசுரமும் ஒரு தவிலும் மானத்தோடு வாழ வழி செய்யுங்கள். கலைஞர் மாறினாலும் அந்த நிதி மாறாதிருக்கட்டும்.

அடியேனால் பெருநிதி தர இயலாது. கையில் உள்ளதைத் தருகின்றேன். மண்டல பூசை நிறைவுற்ற பின் வரும் வெள்ளிக்கிழமை தொடங்கி, வாரந்தோறும் வெள்ளி மாலையில் இந்த வசந்த மண்டபத்தில் வந்து அமர்வேன். எக்குலத்துப் பிள்ளையாயினும், ஆணாயினும் பெண்ணாயினும், கழி பிடிக்க ஆசையுள்ள குழந்தைகளை அனுப்புங்கள். கட்டணம் இல்லை. எழுபது கடந்த உடம்பு இது. தவிலைத் தோளில் சுமக்க வலுவில்லை. சொல்லிக் கொடுக்க வலு இருக்கின்றது. தம்பி புறப்படும்வரை அவரும் உடனிருந்து கற்பிக்க இசைந்துள்ளார்.

அந்தப் பொறியின் மேல் போர்த்திய துணி அப்படியே இருக்கட்டும். பெரியவர் அன்று கேட்ட வினாவுக்கு, ஐம்பது ஆண்டுகள் கடந்தேனும், இவ்வூர் ஒரு பெயரைச் சொல்லி விடையிறுக்கட்டும்.