எதிர்த்துப் பேசுறவரையும் பேச விடுவோம்

(அணியின் பயிற்சி வகுப்பில் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "கேட்டுப் பழகுவோம்". நம்ம அணியில பேசச் சொன்னா நூறு கை தூக்கும். கேட்கச் சொன்னாதான் ஆள் தேடணும். (சிரிப்பு)

கேட்கிறதுன்னா சும்மா தலையாட்டுறது இல்ல. அடுத்தவர் சொன்னதை வச்சு நம்ம வேலையைத் திரும்பப் பார்த்தோமா, அதுதான் கணக்கு. இதுக்கு எனக்குத் தெரிஞ்ச பெரிய உதாரணம், நம்ம அரசியலமைப்புச் சட்டம் உருவான கதை.

அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவின் வரைவு 1948 பிப்ரவரியில் வெளியானது. படிச்சுக் கருத்துச் சொல்ல மாதக் கணக்கில் நேரம் கொடுத்தாங்க. வந்த திருத்தங்கள் சுமார் 7,635. அதில் அவையில் முன்மொழியப்பட்டவை மட்டும் 2,473! 315 பிரிவுகளோட உள்ளே போன வரைவு, 395 பிரிவுகளோட வெளியே வந்தது.

அந்த அவையில் நசிருத்தீன் அகமதுன்னு ஒரு உறுப்பினர். வரைவுக் குழு அடிக்கடி மாத்தி எழுதுதேன்னு கடுப்பாகி, இது "டிராஃப்டிங் கமிட்டி" இல்ல, "டிரிஃப்டிங் கமிட்டி"ன்னு பேர் வச்சார். அதாவது, போற திசை தெரியாம மிதக்கிற குழு. இன்னைக்கு நம்மளை ஒருத்தர் இப்படிச் சொன்னா, அரை மணி நேரத்தில் அவர் மேல பத்து மீம் பறந்திருக்கும். அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அவையிலேயே பதில் சொன்னார். பிழைன்னு தெரிஞ்சதை வறட்டு கௌரவத்துக்காக மாத்தாம விட்டிருந்தாத்தான் குழு கடமை தவறியிருக்கும் என்பது அவர் பதிலின் சாரம்.

அதே உரையில் இன்னொண்ணு. பெரும்பான்மைக் கட்சியின் கட்டுப்பாட்டால்தான் வேலை சீராக முடிஞ்சதுன்னு வெளிப்படையா சொன்னார். கூடவே, எல்லாரும் கட்டுப்பாடுன்னு ஆமாம் போட்டிருந்தா அவை சப்புன்னு போயிருக்கும்னும் சொல்லி, காமத், கே.டி. ஷா, குன்ஸ்ரு மாதிரி முரண்டு பிடிச்ச உறுப்பினர்களைப் பேர் சொல்லி நன்றி தெரிவிச்சார். அவங்க யோசனைகளை ஏத்துக்க முடியலைன்னும் மறைக்கல. இதை நான் பலமுறை படிச்சிருக்கேன். கேட்டா ஒத்துக்கணுமேன்னுதான் நாம பல நேரம் காதையே மூடிக்கிறோம். அந்தப் பயம் அவருக்கு இல்ல.

நம்ம குரூப்புக்கு வருவோம். ஒரு கிளைத் தோழர், "எங்க ஊர்ல பஸ் நிக்கிறதே இல்ல, நம்ம கார்டுல நிக்கும்னு போட்டிருக்கு, ஜனங்க சிரிக்கிறாங்க"ன்னு போட்டார். "நீங்க எந்தப் பக்கம்?"னு மூணு பேர் கேட்டாங்க. பஸ் நிக்குதான்னு ஒருத்தர் கூடக் கேட்கல. அன்னையிலிருந்து அவர் குட்மார்னிங் மட்டும்தான் போடுறார். சாஃப்ட்வேர் கம்பெனியில டெஸ்டிங் டீம் "ஓடல"ன்னு சொன்னா, அவங்களை யாரும் எதிர்க்கட்சின்னு சொல்ல மாட்டாங்க. அவங்க வாயை மூடினா, அடுத்து கஸ்டமர்தான் சொல்லுவார். நமக்கு கஸ்டமர் யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அக்டோபர் 2 கிராம சபை வருது. வீடியோ எடுக்க ஒருத்தர் போதும். மத்தவங்க நோட்டோட உட்காருங்க. ஒரு அம்மா எழுந்து நம்ம வார்டு மெம்பரையே திட்டினாலும், குறுக்கே பேசாம, அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதிட்டு வாங்க. 3-ஆம் தேதி ராத்திரி கூகுள் மீட்ல, அதைப் பார்த்து எந்த கார்டை மாத்தணும், எதை எடுக்கணும்னு முடிவு பண்ணுவோம். பஸ் கார்டுல இருந்து ஆரம்பிப்போம். அந்தத் தோழரை நான் போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கேன், அவர்தான் முதல்ல பேசுறார்.