மதிப்பெண் பட்டியலை வாசிக்கக் கற்போம்

(விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் பாராட்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வாண்டு மேல்நிலைத் தேர்வில் சிறந்து விளங்கிய நம் பிள்ளைகளை இம்மேடையில் பாராட்டினோம். அவர்களுள் பலர் கல்லூரியில் அடியெடுத்து வைத்துவிட்டனர். இன்னும் சில வாரங்களில் முதற்பருவத் தேர்வை எழுதவிருக்கின்றனர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து வந்துள்ள பெற்றோர் பலர் தம் குடும்பத்தில் முதன்முறையாகக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள். எனவே இலக்கியம் பேசுவதினும் பயனுள்ள ஒன்றை இன்று பேச விழைகிறேன். கல்லூரியில் தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது, மதிப்பெண் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதே என் பொருள்.

பள்ளிக் கணக்கு நமக்கெல்லாம் பழகிய ஒன்று. ஆறு பாடங்கள், மொத்தம் 600, ஒவ்வொரு பாடத்திலும் 35 பெற்றால் தேர்ச்சி. ஆண்டிறுதியில் ஒரே நாளில் முடிவு வெளியாகும், ஊரே அறிந்துவிடும். கல்லூரியில் அப்படியன்று. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு ஆறு பருவங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. ஆறு முறை தேர்வு, ஆறு முறை முடிவு. முடிவு மாணவனின் கைப்பேசிக்கு வருகிறது. அவன் காட்டினால்தான் வீட்டார் காண்பர். காட்டினாலும் அதில் எழுத்தும் புள்ளியும் கலந்திருப்பதால் பெற்றோருக்கு விளங்குவதில்லை. விளங்காத பட்டியலை வினவுவதற்கு எவரும் முன்வருவதில்லை. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே மௌனம் வளர்வது இந்த இடத்திலேதான்.

முதலில் அகமதிப்பீடும் புறத்தேர்வும்

சென்னைப் பல்கலைக்கழகம், திருவள்ளுவர் பல்கலைக்கழகம் போன்றவற்றின் கீழுள்ள கலை அறிவியல் கல்லூரிகளில் ஒவ்வொரு தாளுக்கும் 100 மதிப்பெண். அதில் 25 அகமதிப்பீடு. 75 பருவ இறுதியில் எழுதும் புறத்தேர்வு. அகமதிப்பீட்டைப் பாடம் நடத்தும் ஆசிரியரே வழங்குகிறார். வகுப்புத் தேர்வுகள், ஒப்படைப்பு, கருத்தரங்க உரை, வருகைப்பதிவு ஆகியவற்றுக்கு அந்த 25 பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஆண்டு முழுதும் உழைத்தவனை ஒரு நாளின் காய்ச்சலோ கலக்கமோ வீழ்த்திவிடக் கூடாது என்பதே இம்முறையின் நோக்கம். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு இதனை வலியுறுத்தியது. தகுதியுள்ள கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்க வேண்டும் என்றும் அக்குழுவே பரிந்துரைத்தது. 1978இல் சென்னை இலயோலா கல்லூரி, கிறித்தவக் கல்லூரி முதலியவை தன்னாட்சி பெற்றன. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வகுத்துக்கொள்ளும். பட்டத்தை மட்டும் பல்கலைக்கழகம் வழங்கும். ஆகவே கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இனி, பலரையும் தடுமாறச் செய்யும் விதி ஒன்றைக் கூறுகிறேன். தந்தை ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, என் மகன் ஒரு தாளில் 50 மதிப்பெண் வாங்கியிருக்கிறான். தேர்ச்சிக்கு 40 போதும் என்கிறார்கள். ஆனால் தோல்வி என்று போட்டிருக்கிறார்களே, இது என்ன அநியாயம்?" என்று மனம் கொதித்துக் கேட்டார். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அகமதிப்பீட்டில் 23, புறத்தேர்வில் 27. மொத்தம் 40ஐத் தாண்டுகிறதுதான். ஆனால் புறத்தேர்வின் 75இல் தனியாக 40 விழுக்காடு, அதாவது 30 மதிப்பெண் பெற்றாக வேண்டும். மூன்று மதிப்பெண் குறைந்ததால் அந்தத் தாள் நிலுவையாயிற்று. விதியை விளக்கியதும் அவர் சினம் தணிந்தது. அதனினும் மேலாக, மகன்மீது கொண்டிருந்த ஐயமும் தீர்ந்தது. "பொய் சொல்கிறானோ என்று நினைத்தேன்" என்றார்.

பொறியியற் கல்லூரிகளில் எல்லை சற்று உயர்வு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி எழுத்துத் தாள்களுக்கு அகமதிப்பீடு 40, இறுதித் தேர்வு 60. மொத்தத்தில் 50 பெற வேண்டும். இறுதித் தேர்வில் மட்டும் 45 விழுக்காடு பெற வேண்டும். பள்ளியில் 35 என்று பழகிய பிள்ளை இந்த எல்லைகளை முதல் வாரத்திலேயே அறிந்திருத்தல் நலம்.

விடைத்தாள் திருத்தும் முறை

"எங்கள் பிள்ளைக்கு வேண்டுமென்றே மதிப்பெண் குறைத்துவிட்டார்கள்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பொதுவான நடைமுறையைச் சொல்கிறேன். விடைத்தாளின் முகப்பிலுள்ள பதிவெண் பகுதி நீக்கப்பட்டோ மறைக்கப்பட்டோ அதற்குப் பதில் மறை எண் ஒன்று இடப்படுகிறது. இதனை டம்மி எண் என்பர். மதிப்பீட்டு முகாமில் அமர்ந்து திருத்தும் ஆசிரியருக்கு அது எந்த ஊர்ப் பிள்ளையின் தாள், எந்தக் குடும்பத்துப் பிள்ளையின் தாள் என்பது தெரியாது. அவர் முன்னே இருப்பவை விடையும், விடைக்குறிப்பும் மட்டுமே. செல்வர் வீட்டுப் பிள்ளையும் உழவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே எண்ணாகி நிற்கும் அந்த இடம் எனக்கு எப்போதும் மதிப்பிற்குரியதாகத் தோன்றும்.

ஆயினும் திருத்துபவரும் மனிதரே. ஒரு விடை திருத்தப்படாமல் விடுபடலாம், கூட்டல் பிழைபடலாம். அதற்கெனவே மறுகூட்டல், விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு ஆகிய வழிகள் உள்ளன. மதிப்பிடப்பட்ட தன் விடைத்தாளைக் காணும் உரிமை மாணவனுக்கு உண்டு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறது. முடிவு வெளியான பின் விண்ணப்பிக்கக் கொடுக்கப்படும் நாட்கள் மிகச் சில. பிள்ளை அஞ்சி ஒரு வாரம் மறைத்தால் அந்த வாயில் அடைபட்டுவிடும். முடிவை உடனே வீட்டில் சொல்லும் துணிவைப் பிள்ளைக்குக் கொடுப்பது அதனால்தான் இன்றியமையாதது.

தேர்வெழுதும் முறையிலும் ஒரு சொல். சென்னைப் பல்கலைக்கழக வினாத்தாள் அமைப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து, பத்து மதிப்பெண் வினாக்கள் மூன்று, ஆக 75. நேரம் மூன்று மணி. பெரிய வினாக்கள் மூன்றிலேயே 30 மதிப்பெண் இருக்கிறது. சிறு வினாக்களில் நேரத்தைச் செலவிட்டுக் கடைசிப் பெருவினாவை விட்டுவிடும் பிள்ளை ஒரே அடியில் பத்து மதிப்பெண்ணை இழக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து எழுதப் பழகுங்கள், செல்வங்களே.

தரப்புள்ளிக் கணக்கு

அடுத்து, எழுத்தும் புள்ளியுமாய் விளங்கும் பகுதி. பல்கலைக்கழக மானியக் குழு பத்துப் புள்ளித் தர அளவை வகுத்துத் தந்திருக்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் கிரெடிட் எனப்படும் எடை உண்டு. வாரத்தில் எத்தனை மணி நேரம் அப்பாடம் நடத்தப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் ஒட்டி அந்த எடை அமையும். தாளின் தரப்புள்ளியை எடையாற் பெருக்கி, அனைத்தையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் அப்பருவத்தின் சராசரிப் புள்ளி கிடைக்கும். அதுவே ஜி.பி.ஏ. எல்லாப் பருவங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் சி.ஜி.பி.ஏ.

ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து கிரெடிட் தாள் ஒன்றில் ஒரு மாணவி 50 மதிப்பெண்ணும், இரண்டு கிரெடிட் தாளில் 90 மதிப்பெண்ணும் பெறுகிறாள். புள்ளிகள் முறையே 5, 9. நாம் சாதாரணமாகக் கூட்டி வகுத்தால் 7 என்போம். எடை வைத்துக் கணக்கிட்டால் 25ம் 18ம் சேர்ந்து 43. அதை 7ஆல் வகுக்க 6.14. அதே மாணவி பெரிய தாளில் 90ம் சிறிய தாளில் 50ம் பெற்றிருந்தால் 45ம் 10ம் சேர்ந்து 55, சராசரி 7.86. உழைப்பு ஒன்றே, அதை வைத்த இடம் வேறு. எந்தத் தாளுக்கு எத்தனை கிரெடிட் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே பாடத்திட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில பல்கலைக்கழகங்களில் புள்ளி படிப்படியாக ஏறும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறையில் 81 பெற்றவருக்கும் 90 பெற்றவருக்கும் புள்ளி 9 தான். 91 பெற்றவருக்கு 10. ஆகவே இரு பிள்ளைகளின் புள்ளிகளை ஒப்பிட்டு, "அவன் எட்டரை, நீ ஏழரை" என்று வீட்டில் இடித்துரைப்பதில் பொருளில்லை. கல்லூரி வேறு, அளவுகோல் வேறு.

தமிழாசிரியனாக ஒரு வேண்டுகோள். கலை அறிவியல் கல்லூரிகளில் தமிழ் முதற்பகுதி, ஆங்கிலம் இரண்டாம் பகுதி, முதன்மைப் பாடங்கள் மூன்றாம் பகுதி. பல இடங்களில் மூன்றாம் பகுதியைக் கொண்டே தரவரிசை அமைவதால் தமிழைப் பிள்ளைகள் கடைசியாகப் படிக்கின்றனர். ஆனால் தமிழ்த் தாள் நிலுவையில் இருந்தால் முதன்மைப் பாடத்தில் முதலிடம் பெற்றவருக்கும் பட்டம் இல்லை. பணியாணை கைக்கு வந்தபின் தமிழ்த் தாளுக்காக மீண்டும் தேர்வுக் கட்டணம் செலுத்திய பிள்ளைகளை நான் அறிவேன்.

நிலுவைத் தாள் என்னும் அரியர்

தோற்ற தாளைப் பின்வரும் பருவங்களில் மீண்டும் எழுதலாம். பெற்ற அகமதிப்பீடு பெரும்பாலும் அப்படியே நிற்கும். புறத்தேர்வை மட்டும் எழுதினாற் போதும். ஓராண்டு வீணாவதில்லை; வகுப்பில் பின்தங்குவதுமில்லை. ஆனால் தரவரிசை பெற முதல் முயற்சியிலேயே எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி வேண்டும். வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பல, நிலுவைத் தாள் இருப்பவரைத் தேர்வுக்கே அமர்த்துவதில்லை. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வெழுதும் அனுமதியே ஐயத்திற்குள்ளாகும். உறவினர் திருமணத்திற்கும் ஊர்த் திருவிழாவிற்கும் பிள்ளையை அழைக்கும் முன் இதனை எண்ணிப் பாருங்கள்.

முதற்பருவத்தில் ஒரு நிலுவை பெரும்பாலும் அறிவின்மையால் வருவதன்று. தமிழ்வழியிற் பயின்ற பிள்ளை முதன்முறையாக ஆங்கிலத்தில் கணக்கியலோ இயற்பியலோ எழுதுகிறது, விடுதி புதிது, உணவு புதிது. அந்த ஒரு தாளை அடுத்த பருவத்திலேயே முடித்துவிடலாம். வீட்டுக்கு அஞ்சி மறைத்தால் ஒன்று மூன்றாகிறது, மூன்று ஏழாகிறது. கட்டணம் கட்டப் பணம் கேட்கவும் நாவெழாது. இறுதியாண்டில் பெற்றோர் அறியும்போது பிள்ளை படிப்பையே வெறுத்திருக்கும். ஆதலால் பெற்றோரே, "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதோடு நில்லாமல், "எந்தத் தாள் கடினமாக இருக்கிறது? அகமதிப்பீடு எவ்வளவு வந்திருக்கிறது? வருகைப்பதிவு சரியாக இருக்கிறதா?" என்று பருவத்தின் நடுவிலேயே கேளுங்கள். அப்போது கேட்டால் திருத்திக்கொள்ளக் காலம் இருக்கும்.

பவணந்தியார் காட்டிய தரம்

தரம் பிரித்தல் தமிழுக்குப் புதிதன்று. சீயகங்கன் வேண்ட நன்னூலை இயற்றிய நம் பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தினார். அன்னமும் பசுவும் முதலிடம்; மண்ணும் கிளியும் இடைநிலை; ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைநிலை. அவர் கணக்கில் எவ்வளவு தெரியும் என்பது அளவுகோலாக இல்லை. எவ்வாறு கற்கிறார் என்பதே அளவுகோல். சொன்னதைச் சொல்லும் கிளிக்கு அவர் இடைநிலைதான் கொடுத்தார். மேய்ந்ததை அசைபோடும் பசுவுக்கே தலைநிலை கொடுத்தார். மனப்பாடத்தையே நம்பியிருக்கும் பிள்ளைகள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இன்னொன்றும் அவர் சொன்னார். ஆசிரியர் உரைப்பதை நன்கு கொண்டாலும் கால் பங்கே புலமை. உடன் பயில்வோரோடு பழகிக் கற்பதால் இன்னொரு கால் பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்றார். இன்றைய கல்லூரியில் கருத்தரங்க உரைக்கு மதிப்பெண் வைத்திருப்பதன் பொருள் இதுவே. அதை நண்பன் எழுதித்தர வாசித்துவிட்டு இறங்கும் மாணவன் தன் அரைப்பங்கை இழக்கிறான்.

இவ்வவையில் கல்லூரி முடித்த அண்ணன்மாரும் அக்காமாரும் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். இவ்வாண்டு கல்லூரி சேர்ந்த தம்பி தங்கையருள் ஒருவரையேனும் தேர்ந்து, ஒவ்வொரு பருவமும் அவர் மதிப்பெண் பட்டியலை உடனமர்ந்து படித்து விளக்குங்கள். நிலுவை இருந்தால் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கச் செய்யுங்கள். தேவைப்பட்டால் அந்தத் தாளைச் சொல்லிக் கொடுங்கள். பவணந்தியார் கணக்குப்படி அதில் உங்களுக்கும் அரைப்பங்கு சேரும்.

 தேர்வெழுதவிருக்கும் செல்வங்கள் எல்லா நலமும் பெற்று வெல்க!